ஏசி அவுட்டோர் யூனிட் வயரிங்: கரண்ட் போகும் வழியும் கட்டளை போகும் வழியும்

அறை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பது வெளியே சுவரில் தொங்கும் அவுட்டோர் யூனிட்டுக்குத் தெரியாது. அதைப் பார்ப்பது உள்ளே இருக்கும் இன்டோர் யூனிட்டின் சென்சார். 'ஓடு', 'நில்' என்று முடிவெடுப்பது இன்டோர் பிசிபி, அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு. அந்த முடிவு ஏதோ ஒரு வயர் வழியாகத்தான் வெளியே போகிறது. அது எந்த வயர் என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால் வயரிங் பாதி முடிந்தது. கண்டுபிடிக்காமல் கலரைப் பார்த்து மாட்டினால் புது பிசிபி புகைந்துவிடும்.

ஏசி வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக, தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் இருக்கும் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியை வைத்து இதைச் சொல்கிறோம். கடைசியில், சுவரில் தெர்மோஸ்டாட் வைக்கும் பெரிய டக்டபிள் யூனிட் (டக்ட் வழியாகக் குளிர் காற்று அனுப்பும் வகை) பற்றியும் கொஞ்சம் இருக்கிறது. டிபியில் (வீட்டின் மின் விநியோகப் பெட்டியில்) புது சர்க்யூட் இழுக்கும் வேலையைத் தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன்

ரிமோட்டில் அணைப்பது அணைத்ததாகாது. டிபியில் எம்சிபியை (கரண்ட் அதிகமானால் தானே விழும் ஸ்விட்ச்) இறக்கி, பிளக்கையும் உருவி, அவுட்டோர் டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்து மூன்று அளவு பாருங்கள்: ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். மூன்றும் பூஜ்யம் என்றால்தான் ஸ்க்ரூடிரைவர். டெஸ்டர் லைட்டை மட்டும் நம்பாதீர்கள். ரப்பர் செருப்போடு ஏணியில் நிற்கும்போது அது மங்கலாக எரியும், சில சமயம் எரியவே எரியாது.

மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஃபிக்ஸட் ஸ்பீடு ஏசியின் (கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும் வகை) ரன்னிங் கெப்பாசிட்டரை 10 முதல் 20 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் பழக்கம் வேண்டாம். கெப்பாசிட்டரும் கெடும், கண்ணில் பொறியும் படும். இன்வெர்ட்டர் ஏசியில் (கம்ப்ரஸர் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் வகை) ஆபத்து இன்னும் அதிகம். 230 வோல்ட் ஏசி கரண்ட் (மாறுதிசை மின்சாரம்), அதை டிசியாக்கும் ரெக்டிஃபையரைத் தாண்டினால் சுமார் 325 வோல்ட் டிசி ஆகிறது. சில போர்டுகளில் அதற்கும் மேல் ஏறும். அணைத்த பிறகு குறைந்தது 10 நிமிடம் காத்திருந்து, பெரிய கெப்பாசிட்டர்களின் மேல் டிசி வோல்ட்டேஜ் இறங்கிவிட்டதா என்று அளந்து பார்த்த பிறகே பிசிபியைத் தொடுங்கள்.

மெயின் பவர்: எவ்வளவு வயர், எந்த எம்சிபி

ஒன்றரை டன் ஃபிக்ஸட் ஸ்பீடு ஏசி ஓடும்போது 7 முதல் 8.5 ஆம்ப்ஸ் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல நாலைந்து மடங்கு, அதாவது 35–40 ஆம்ப்ஸ் வரை போகும். இன்வெர்ட்டரில் இந்தப் பாய்ச்சல் கிடையாது, மெதுவாக ஏறும். ஆனாலும் அதன் உச்ச கரண்ட் என்ன என்று ஸ்டிக்கரில் பார்த்துத்தான் வயர் எடுக்க வேண்டும்.

வயரின் தடிமன் ஏன் முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிபியிலிருந்து ஏசி பாயின்ட் 20 மீட்டர் தூரம் என்றால் கரண்ட் போக 20, திரும்பி வர 20, மொத்தம் 40 மீட்டர் வயர். 2.5 ஸ்கொயர் எம்எம் ஃபிளெக்சிபிள் காப்பர் வயருக்கு அந்தத் தூரத்தில் சுமார் 0.32 ஓம் ரெசிஸ்டன்ஸ். 8 ஆம்ப்ஸில் 2.5 வோல்ட்தான் விழும், பெரிய விஷயமில்லை. கிளம்பும்போது 40 ஆம்ப்ஸ் போனால் 13 வோல்ட் விழும். சித்திரை மாத ராத்திரி தெருவில் வோல்ட்டேஜ் ஏற்கெனவே 190க்கு வந்திருக்கும் நேரத்தில் இன்னும் 13 போனால் கம்ப்ரஸர் உறுமிவிட்டு ஓவர்லோடில் நின்றுவிடும். அதே இடத்தில் 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் 8 வோல்ட்தான் விழும். எனவே 10 மீட்டருக்குள் 2.5 போதும், அதற்கு மேல் 4 போடுவது நல்லது. பழைய வீடுகளில் 3/20, 7/20 என்று சொல்வார்கள். 3/20 சுமார் 2 ஸ்கொயர், 7/20 சுமார் 4.5 ஸ்கொயர். 3/20 வயரில் ஃப்ரிட்ஜோடு சேர்த்து ஏசியையும் ஓட்டும் வீடுகள் நிறைய இருக்கின்றன. அந்த பாயின்ட்டில் ஏசியை மாட்டாதீர்கள். ஏசிக்கு டிபியிலிருந்து தனி சர்க்யூட் வேண்டும்.

எம்சிபி 16 அல்லது 20 ஆம்ப்ஸ், 'சி' கர்வ். 'பி' கர்வ் போட்டால் ரேட்டிங்கின் 3 முதல் 5 மடங்கிலேயே உடனே விழும். 16 ஆம்ப்ஸ் 'பி' என்றால் 48 ஆம்ப்ஸிலேயே விழக்கூடும். பழைய கம்ப்ரஸர் கிளம்பும்போது கரண்ட் இதையும் தொடலாம், அதனால் சும்மா சும்மா ட்ரிப் ஆகும். 'சி' கர்வ் 5 முதல் 10 மடங்கில்தான் உடனே விழும். ட்ரிப் ஆகிறதே என்று 16ஐ எடுத்துவிட்டு 32 போடுவதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் மிக மோசமான 'ரிப்பேர்'. எம்சிபி இருப்பது வயரைக் காக்க. 2.5 ஸ்கொயர் வயருக்கு முன்னால் 32 ஆம்ப்ஸ் வைத்தால் எம்சிபி விழுவதற்குள் சுவருக்குள் வயர் உருகிவிடும்.

அதோடு 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனால் அணைக்கும் ஸ்விட்ச்) கட்டாயம் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏசி என்றால் 'ஏ' டைப் ஆர்சிசிபி வாங்குங்கள். சாதாரண 'ஏசி' டைப், டிசி கலந்த லீக்கேஜைச் சரியாகப் பிடிக்காது.

ஏசி பாக்ஸில் பிளக் மாட்டும்போது எர்த் ஓட்டை மேலே இருக்கும்படி நேராகப் பார்த்தால் ஃபேஸ் வலப்பக்கம், நியூட்ரல் இடப்பக்கம். இது மாறினாலும் ஏசி ஓடும் என்பதால் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஃபிக்ஸட் ஸ்பீடு ஏசியில் இன்டோர் ரிலே (பிசிபி இயக்கும் ஸ்விட்ச்) ஒரு பக்கத்தைத்தான் துண்டிக்கிறது. பிளக்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் ரிலே நியூட்ரலை வெட்டும், ஃபேஸ் அவுட்டோரிலேயே நிற்கும். ஏசி நின்றுவிட்டதே என்று கம்ப்ரஸர் டெர்மினலில் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். இன்வெர்ட்டரில் பல மாடல்கள் இந்த மாற்றத்தாலேயே கம்யூனிகேஷன் எரர் காட்டும்.

எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய ஃபேஸ்–நியூட்ரல் வோல்ட்டேஜே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே லோடு ஓடும்போது இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் வந்தால் எங்கோ நியூட்ரல் லூஸ், அல்லது எர்த் குழி காய்ந்திருக்கிறது. எர்த் இல்லாத வீட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள் பாலம் போட்டு இணைக்கும் குறுக்கு வழியைச் செய்யவே செய்யாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் அவுட்டோர் பாடி முழுவதும் 230 வோல்ட்.

ஃபிக்ஸட் ஸ்பீடு ஏசி: கட்டளையே கரண்ட்தான்

இதில் கம்ப்ரஸருக்குப் போகும் ஃபேஸ் வயர்தான் தெர்மோஸ்டாட்டின் குரல். இன்டோர் பிசிபியில் ஒரு ரிலே இருக்கும். அதன் காயில் பெரும்பாலும் 12 வோல்ட் டிசி. அறை சூடானால் ரிலே 'டிக்' என்று மூடும், ஃபேஸ் வெளியே போகும், கம்ப்ரஸரும் ஃபேனும் ஓடும். செட் செய்த அளவுக்குக் கீழே ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கினால் ரிலே திறந்துவிடும்.

ஆக, குளிர் மட்டும் தரும் மாடல்களில் பெரும்பாலும் மூன்று வயர் போதும்: ஃபேஸ், நியூட்ரல், எர்த். சில மாடல்களில் அவுட்டோர் ஃபேனுக்குத் தனி ஃபேஸ் வரும். அதற்கு நாலு கோர் கேபிள். இன்டோரில் எந்த எண்ணோ அவுட்டோரிலும் அதே எண்ணில் மாட்டுங்கள். கேபிள் கலரைக் குறித்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் முடிவு எண்ணைப் பார்த்துத்தான். அவுட்டோர் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சர்க்யூட் படத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மழைக்காலம் போனால் அது வெளுத்துவிடும்.

டெர்மினலுக்குப் பின்னால், ஒரு வயர் ஓவர்லோட் (சூடு ஏறினால் துண்டிக்கும் பாதுகாப்பு) வழியாக கம்ப்ரஸரின் 'சி' (காமன்) முனைக்குப் போகும். மற்ற வயர் 'ஆர்' (ரன்னிங்) முனைக்கும் கெப்பாசிட்டரின் ஒரு காலுக்கும் போகும். கெப்பாசிட்டரின் மறு கால் 'எஸ்' (ஸ்டார்ட்டிங்) முனைக்கு. எது எது என்று எழுத்து அழிந்திருந்தால் ஓம் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். மூன்று ஜோடிகளில் எதில் ரெசிஸ்டன்ஸ் அதிகமோ அது ஆர்–எஸ். மீதி நிற்பது சி. சியிலிருந்து குறைவாகக் காட்டுவது ஆர், அதிகமாகக் காட்டுவது எஸ். சி–ஆர் 1.5 ஓம், சி–எஸ் 2.5 ஓம் என்றால் ஆர்–எஸ் 4 ஓம் காட்ட வேண்டும். கூட்டுத்தொகை வரவில்லை என்றால் வைண்டிங்கில் கோளாறு, அல்லது ஓவர்லோட் இன்னும் திறந்தே இருக்கிறது. கம்ப்ரஸர் ஆறும்வரை காத்திருந்து மறுபடி பாருங்கள். ஆரையும் எஸ்ஸையும் மாற்றி மாட்டினால் கம்ப்ரஸர் 'ம்ம்' என்று முனகி, சூடாகி நிற்கும்.

ஒன்றரை டன்னுக்கு கெப்பாசிட்டர் பெரும்பாலும் 45 அல்லது 50 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட். ஸ்டிக்கரில் என்ன இருக்கிறதோ அதையே போடுங்கள். கடையில் இல்லை என்று 36 போட்டால் கிளம்பும் வலு குறையும். வோல்ட்டேஜ் குறைந்த இரவுகளில் அது தெரியும். கெப்பாசிட்டர் மீட்டரில் அச்சிட்ட அளவைவிட 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

நின்ற கம்ப்ரஸரை உடனே மறுபடி ஓட்டக் கூடாது. கேஸ் அழுத்தம் இரு பக்கமும் சமமாக மூன்று நிமிடம் தேவை. பிசிபி அதைத் தானே பார்த்துக்கொள்ளும். டெஸ்ட் செய்கிறேன் என்று ரிலேயை வயரால் பைபாஸ் செய்தால் அந்தக் காவல் போய்விடும்.

இன்வெர்ட்டர் ஏசி: கட்டளை தனி வயரில்

இங்கே ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் வெறும் மின்சாரம். நாலாவதாக ஒரு வயர் இருக்கும். 'எஸ்' என்றோ, 'சிஓஎம்' என்றோ, வெறும் 3 என்றோ குறித்திருப்பார்கள். 'எத்தனை டிகிரி வேண்டும், இப்போது எத்தனை இருக்கிறது, எவ்வளவு வேகம்' என்ற பேச்செல்லாம் இந்த ஒரு வயரில்தான். பெரும்பாலான மாடல்களில் அந்த சிக்னல் நியூட்ரலை ஆதாரமாக வைத்தே போகிறது.

மெயின் எங்கே வருகிறது என்பதிலும் இரண்டு வகை. சில மாடல்களில் பிளக் இன்டோருக்கு, அங்கிருந்து அவுட்டோருக்கு. வேறு சிலவற்றில் மெயின் நேராக அவுட்டோருக்கு, அங்கிருந்து இன்டோர் எடுத்துக்கொள்ளும். படத்தைப் பார்க்காமல் பழக்கத்தில் மாட்டாதீர்கள். மெயின் ஃபேஸை எஸ் டெர்மினலில் மாட்டிய மறு நொடியே கம்யூனிகேஷன் சர்க்யூட் போய்விடும். போர்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியிருக்காது.

மாட்டும் வரிசை இப்படி:

1. 4 கோர் காப்பர் ஃபிளெக்சிபிள் கேபிள். 1.5 ஸ்கொயர் எம்எம் ஐந்து மீட்டருக்குள் போதும். அதற்கு மேல் 2.5.
2. நடுவில் ஜாயின்ட் போடாமல் ஒரே நீளமாக இழுங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் பவருக்கு சில வருடம் தாங்கினாலும் சிக்னலுக்குத் தாங்காது. ஐப்பசி மழையில் மட்டும் எரர் காட்டி, வெயில் வந்ததும் சரியாகும் ஏசிகளில் பெரும்பாலும் பைப் சுற்றுக்குள் ஒரு ஜாயின்ட் ஒளிந்திருக்கும்.
3. ஒவ்வொரு முனையையும் 8 முதல் 10 மில்லிமீட்டர் உரித்து, யு லக் வைத்து கிரிம்ப் செய்யுங்கள். ஈயம் வைக்க வேண்டாம். ஈயம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, ஓரிரு வருடத்தில் லூஸாகும், லூஸ் சூடாகும், சூடு டெர்மினல் பிளாக்கைக் கருக்கும்.
4. எர்த் வயரை மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது கேபிளை இழுத்தால் கடைசியாகப் பிடுங்கிக்கொள்ள வேண்டியது எர்த்.
5. கேபிள் கிளாம்பை இறுக்குங்கள். அது உறையைப் பிடிக்க வேண்டும், தனித் தனி வயரை அல்ல.
6. கேபிள் யூனிட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், டெர்மினலுக்குள் ஏறாது.

அவுட்டோர் பக்கத்திலேயே ஒரு 20 ஆம்ப்ஸ் டபுள் போல் ஐசோலேட்டரை மழைக்குத் தாங்கும் பெட்டியில் வையுங்கள். ஆனால் எஸ் வயரில் இன்டோரிலிருந்து வோல்ட்டேஜ் வரக்கூடும். ஐசோலேட்டரை அணைத்துவிட்டோம் என்று டிபியை விட்டுவிடக் கூடாது.

கம்யூனிகேஷன் எரரை டெய்கினில் யூ4 என்றும், எல்ஜியில் சிஎச்05 என்றும், கிரீயில் இ6 என்றும் காட்டும். போர்டைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை: அவுட்டோருக்கு 230 வோல்ட் வருகிறதா, எண்கள் இரு பக்கமும் ஒன்றா, ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா, ஸ்க்ரூ இறுகியிருக்கிறதா, அணில் கடித்திருக்கிறதா. பிறகு மல்டிமீட்டரை டிசியில் வைத்து நியூட்ரலுக்கும் எஸ்ஸுக்கும் இடையே பாருங்கள். அளவு மேலும் கீழும் ஆடினால் பேச்சு நடக்கிறது. ஒரே எண்ணில் அசையாமல் நின்றால் ஒரு பக்கம் பேசவில்லை.

சென்சார்

வயரிங் எல்லாம் சரி, ஆனாலும் அறை குளிரும் முன்பே நின்றுவிடுகிறது என்று புகார் வந்தால் முதலில் ரூம் சென்சாரைப் பாருங்கள். காயிலுக்கு முன்னால், உள்ளே இழுக்கும் காற்றில் ஒரு கிளிப்பில் அது நிற்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது கழன்று காயில் மேல் சாய்ந்துவிட்டால், காயிலின் குளிரையே அறையின் குளிர் என்று எடுத்துக்கொள்ளும். சென்சாரின் அளவு 25 டிகிரியில் 5 அல்லது 10 கிலோ ஓம் என்று மாடலைப் பொறுத்து இருக்கும். சூடு ஏறினால் ஓம் குறையும்; 10 கிலோ ஓம் சென்சார் 35 டிகிரியில் சுமார் 6.5க்கு வரும். விரலால் பிடித்துப் பார்த்தாலே மீட்டரில் எண் இறங்குவது தெரியும். இறங்கவில்லை என்றால் மாற்றுங்கள், அதே ஓம் அளவில்.

2020 ஜனவரி 1 முதல் ஸ்டார் லேபிள் ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்கும். டெஸ்ட் செய்யும்போது இதை மறந்து, அறை ஏற்கெனவே 24ல் இருப்பதால் ஓடாத கம்ப்ரஸரைப் பழுது என்று நினைக்கும் புதியவர்கள் உண்டு. 18க்கு இறக்கிவிட்டு மூன்று நிமிடம் பொறுங்கள்.

சுவர் தெர்மோஸ்டாட் உள்ள டக்டபிள் யூனிட்

மண்டபம், ஷோரூம் போன்ற இடங்களில் இருக்கும் 5.5 டன் யூனிட் த்ரீ ஃபேஸ், 415 வோல்ட். ஒரு ஃபேஸுக்கு 10 ஆம்ப்ஸ் அளவில் ஓடும். இங்கே தெர்மோஸ்டாட் கம்ப்ரஸர் கரண்டைத் தொடுவதேயில்லை. கான்டாக்டரின் (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே) காயிலுக்கு மட்டும்தான் அது அனுமதி தருகிறது.

கன்ட்ரோல் வரிசையை ஒரு சங்கிலியாக நினைத்துக்கொள்ளுங்கள்: சிறு எம்சிபி, சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் (ஒரு ஃபேஸ் போனால் அணைப்பது), ஹை பிரஷர் கட்–அவுட், லோ பிரஷர் கட்–அவுட், ஓவர்லோட் ரிலேயின் 95–96, தெர்மோஸ்டாட், புளோவர் கான்டாக்டரின் 13–14, மூன்று நிமிட டைமர், கம்ப்ரஸர் கான்டாக்டரின் ஏ1. ஏ2 நியூட்ரலுக்கு. எந்த ஒரு கண்ணி திறந்தாலும் கம்ப்ரஸர் நிற்கும். புளோவர் கண்ணியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புளோவர் மோட்டார் ட்ரிப் ஆகி நின்ற பிறகும் கம்ப்ரஸர் ஓடினால் காயில் பனிக்கட்டியாகி, திரவ கேஸ் கம்ப்ரஸருக்குள் வந்து அதை உடைத்துவிடும். ஹை பிரஷர் கட்–அவுட் அடிக்கடி விழுகிறது என்று அதை வயரால் ஷார்ட் செய்வது கொலைக்குச் சமம்; கண்டென்சரைக் கழுவுங்கள், ஃபேனைப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட் 230 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று அதன் பின்பக்கம் எழுதியிருக்கும். 24 வோல்ட் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தெர்மோஸ்டாட்டை வெயில் படும் சுவரிலோ, கதவுக்கு நேராகவோ, குளிர் காற்று வரும் கிரில்லுக்கு எதிரிலோ வைக்காதீர்கள். திரும்பும் காற்று வரும் பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம்.

ஸ்க்ரோல் கம்ப்ரஸர் ஒரு திசையில்தான் சுற்ற வேண்டும். ஓட்டியதும் பலத்த சத்தம், கரண்ட் குறைவு, கேஜில் அழுத்தம் அசையவில்லை என்றால் திசை மாறியிருக்கிறது. உடனே அணைத்து எந்த இரண்டு ஃபேஸையாவது மாற்றுங்கள். தெருவில் டிரான்ஸ்ஃபார்மரோ கேபிளோ மாற்றிய மறுநாள் இது தானாகவே நடக்கவும் கூடும்.

ஓட்டிப் பார்ப்பது

மூடி போடும் முன் 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) மெயின் வயருக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. பிசிபியும் சென்சாரும் மாட்டியிருக்கும்போது மெகர் போடாதீர்கள், போர்டு செத்துவிடும். கழற்றிவிட்டு, வயரையும் கம்ப்ரஸர் வைண்டிங்கையும் மட்டும்.

பிறகு பவர் கொடுத்து 18ல் வையுங்கள். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அவுட்டோர் டெர்மினலில் வோல்ட்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். 15 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் வயரோ ஜாயின்ட்டோ சரியில்லை. பத்து நிமிடம் கழித்து கிளாம்ப் மீட்டரை ஃபேஸ் வயரில் மட்டும் மாட்டி கரண்ட் பாருங்கள். அடுத்து ரிமோட்டில் 30க்கு ஏற்றுங்கள். ஃபிக்ஸட் ஸ்பீடில் 'டிக்' கேட்டு வெளியே வோல்ட்டேஜ் பூஜ்யமாக வேண்டும். இன்வெர்ட்டரில் கரண்ட் படிப்படியாக இறங்கும். கட்டளை வெளியே போய்ச் சேருகிறது என்பதற்கு இதுதான் சோதனை. 18ல் ஓடுவதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

ட்ரிப் ஆனால் எப்படி ட்ரிப் ஆகிறது என்று கவனியுங்கள். போட்டதும் எம்சிபி விழுந்தால் ஷார்ட். இருபது நிமிடம் ஓடிய பிறகு விழுந்தால் லூஸ் கனெக்ஷன், அழுக்கு கண்டென்சர், அல்லது எம்சிபியின் டெர்மினலே சூடாவது. ஆர்சிசிபி மட்டும் விழுந்தால் டெர்மினலில் ஈரம், கம்ப்ரஸர் பாடிக்கு லீக், அல்லது வேறு சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்கிய பழைய வயரிங்.

எண்ணூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று டெர்மினலை ஒரே வருடத்தில் பச்சையாக்கும். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லைன் தடவுங்கள். வயர் நுழையும் ஓட்டையைப் புட்டியால் அடையுங்கள். அதன் வழியாகத்தான் பல்லி போர்டுக்குள் நுழைந்து இரண்டு டிராக்குக்கு நடுவே செத்துக் கிடக்கிறது, எறும்பு கான்டாக்டர் முனைகளுக்குள் புகுந்து நசுங்குகிறது. முடித்ததும் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் தேதி, வோல்ட்டேஜ், ஓடும் கரண்ட் மூன்றையும் எழுதிவிட்டு ஸ்க்ரூ போடுங்கள். அடுத்த வருடம் 7.6 ஆம்ப்ஸ் 9 ஆகியிருந்தால், எங்கே தேடுவது என்று வருகிறவருக்கு அந்த எண்ணே சொல்லும்.